'தபு' (1931) படத்தில் வில்லன் யார்?

கேள்வி, ஜூன் 2

முர்னாவ் எடுத்த 'தபு' என்ற ஊமைப் படத்தை நேற்றுதான் பார்த்தேன். பசிபிக் கடலில் இருக்கும் போரா போராத் தீவில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் காதலிக்கிறார்கள். பெண்ணைச் சாமிக்கு நேர்ந்துவிடுகிறார்கள். இனி எந்த ஆணும் அவளைத் தொடக்கூடாது, ஆசையோடு பார்க்கவும் கூடாது. இருவரும் ஓடிப்போகிறார்கள். ஹிட்டு என்ற கிழவர் துரத்தி வந்து பெண்ணைக் கொண்டுபோகிறார், பையன் கடலில் மூழ்கிச் சாகிறான். நம் ஊர் ஆணவக் கொலைக் கதைதானே இது? வில்லன் ஹிட்டு என்பதில் யாருக்காவது ஐயம் உண்டா?

ஜூன் 2, இரவு

எனக்கு உண்டு, தம்பி. ஹிட்டு நல்லவர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் படத்தின் இரண்டாம் பாதியில் அந்தக் காதலர்களைக் கவிழ்ப்பது கடைக்காரர் நீட்டும் பில்.

பாதி ராத்திரிக்கு மேல் ஆகிவிட்டது, நாளை எழுதுகிறேன்.

ஜூன் 3

முதலில் நான் இந்தப் படத்தைப் பார்த்த கதை. தொண்ணூறுகளின் தொடக்கம், சென்னையில் ஒரு சின்னத் திரைப்படச் சங்கம். பதினாறு எம்.எம். பிரதி, மின்விசிறிச் சத்தம், இருபது பேர். ரீலை மாற்றும்போது வரிசையைக் குழப்பிவிட்டார்கள். அதனால் கடைக்காரர் கடன் சீட்டுகளை அடுக்கிக் காட்டும் காட்சி எங்களுக்கு முதலில் ஓடியது. அந்தக் கடன் எதற்கு ஏற்பட்டது என்பது அடுத்த ரீலில்தான் வந்தது. கடன் முதலில், குடி பிறகு. சிலர் கத்தினார்கள். நான் கத்தவில்லை. கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அந்த வரிசை பெரிய அதிசயமாகப் படவில்லை.

காட்சி இதுதான். போரா போராவிலிருந்து தப்பிய மத்தாஹியும் ரேரியும், வெள்ளைக்காரர்கள் ஆளும், முத்து வியாபாரம் நடக்கும் ஒரு தீவில் ஒதுங்குகிறார்கள். மத்தாஹி அங்கே பெரிய முக்குளிப்பவன் என்று பேர் வாங்குகிறான். ஒரு நாள் நல்ல முத்து கிடைக்கிறது, கொண்டாட்டம். ஷாம்பேன் புட்டிகள் திறக்கப்படுகின்றன. ஊரே குடிக்கிறது, ஆடுகிறது. தாளை நீட்டுகிறார்கள், இவன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறான். இன்னொரு தாள், இன்னொரு கையெழுத்து. அவன் வளர்ந்த இடத்தில் ஒருவன் மீன் பிடித்தால் ஊர் தின்னும், அதற்கு யாரும் தாள் நீட்டமாட்டார்கள். இங்கேயும் அப்படித்தான் என்று நினைக்கிறான்.

பிறகு கப்பலில் தப்பிப்போக டிக்கெட் வாங்கப் போகிறான், கையில் பணம் இருக்கிறது. கடைக்காரர் சீட்டுகளை எடுத்து விரிக்கிறார். பணம் அங்கேயே போய்விடுகிறது. அந்த டிக்கெட் கிடைத்திருந்தால் ஹிட்டு கையை விரித்துக்கொண்டு கரையில் நிற்க வேண்டியதுதான்.

ஜூன் 3, மாலை

எழுதியதில் ஒரு திருத்தம். ஊமைப் படம் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். பேச்சு இல்லையே தவிர, இசையோடு வெளியான படம்தான். ஹூகோ ரீசன்ஃபெல்டின் இசை. அது போகட்டும், இன்னொன்று சொல்ல வேண்டும். ஊமைப் படங்களில் பாத்திரங்கள் வாயசைத்ததும் திரையில் வசன அட்டை வருமே, அது இதில் கிடையாது. ஒன்றுகூட இல்லை.

அதற்குப் பதிலாக என்ன வருகிறது என்று கவனியுங்கள். ஹிட்டு விரித்துப் படிக்கும் தலைவரின் சுருள். கப்பல் தலைவர் எழுதும் நாட்குறிப்பு. ஓடிப்போன இருவரையும் பிடிக்கச் சொல்லிப் போலீஸ்காரனுக்கு வரும் கடிதம், அதில் வெகுமதித் தொகை. ஷாம்பேன் சீட்டுகள். ரேரிக்கு ஹிட்டு விடும் எச்சரிக்கை. கடைசியில் ரேரி எழுதிவைக்கும் கடிதம். இந்தப் படத்தில் மனிதர்கள் பேசுவதில்லை, காகிதங்கள்தான் பேசுகின்றன. ஒவ்வொரு காகிதம் வரும்போதும் அவர்கள் இருக்கும் இடம் ஒரு முழம் சுருங்குகிறது.

இரண்டு பாகமாகப் பிரித்திருக்கிறார்கள், 'சொர்க்கம்', 'இழந்த சொர்க்கம்' என்று. முதல் பாகத்தில் அருவி, மீன் குத்தல், கப்பலைப் பார்த்ததும் நூறு படகுகள் கடலில் பாயும் அந்தக் காட்சி. சுருளை விரித்ததும் அது முடிந்தது.

ஜூன் 4

"நூறு படகு எண்ணினீரா?" என்று ஒருவர் கேட்கிறார். எண்ணவில்லை, ஐயா. நிறையப் படகுகள்.

ஜூன் 5

படம் எடுத்த கதையைக் கேட்டிருக்கிறீர்கள். அது படத்தைவிடக் கசப்பு, அதிலும் பணம்தான்.

முர்னாவ் ஜெர்மன்காரர். 'நாஸ்ஃபெராத்து' (1922) என்ற ரத்தக்காட்டேரிப் படத்தை எடுத்தவர். ஹாலிவுட்டுக்கு வந்து 1927-இல் 'சன்ரைஸ்' எடுத்துப் பெரும் புகழ் பெற்றவர். ஸ்டுடியோக்காரர்கள் படத்தில் கை வைப்பது பொறுக்காமல் 1929-இல் 'பாலி' என்ற சொந்தப் பாய்மரக் கப்பலில் தென்கடலுக்குக் கிளம்பிவிட்டார். கூட்டாளி ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி. எஸ்கிமோக்களைப் பற்றி 'நானூக்' (1922) எடுத்தவர். சமோவாவில் 'மோவானா' (1926) எடுத்தவர், அதைப் பற்றி எழுதும்போதுதான் விமர்சகர் ஜான் கிரியர்சன் 'டாக்குமெண்டரி' என்ற சொல்லைப் புழக்கத்துக்கு விட்டார்.

ஒருவர் நிழலையும் வெளிச்சத்தையும் கட்டி ஆளும் கலைஞர். மற்றவர் கேமராவை வைத்துவிட்டு மனிதர் வாழ்வதைப் பார்த்துக்கொண்டிருப்பவர். (பார்த்துக்கொண்டு மட்டுமா இருந்தார் என்பது தனி வழக்கு. 'நானூக்'கில் உள்ளே படம் பிடிக்க வெளிச்சம் வேண்டுமென்று பனி வீட்டையே பாதியாக வெட்டிக் கட்டியவர்.) இந்த இரண்டு பேரையும் ஒரு தீவில் விட்டால் என்ன ஆகும்? மாமியார் மருமகள் ஒரே அடுப்பில் சமைத்த கதைதான். முர்னாவ் கதையைச் சினிமாத்தனமாக முறுக்குகிறார் என்று ஃபிளாஹெர்ட்டிக்கு வருத்தம். தொடக்கத்தில் வரும் மீன் குத்தும் காட்சி அவர் எடுத்தது. பிறகு அவருடைய கேமரா மக்கர் செய்ய, ஒளிப்பதிவாளர் ஃபிளாய்ட் கிராஸ்பியை வரவழைத்தார்கள். ஃபிளாஹெர்ட்டி மெல்ல ஓரங்கட்டப்பட்டார்.

பணம் போடுவதாகச் சொன்ன நிறுவனம் பணம் அனுப்பவில்லை. முர்னாவ் கைக்காசைப் போட்டார். கடைசியில் ஃபிளாஹெர்ட்டி தன் பங்கை 25,000 டாலருக்கு முர்னாவுக்கே விற்றுவிட்டு விலகினார். பாரமவுண்ட் படத்தை வாங்கியது. கிராஸ்பிக்குச் சிறந்த ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர். முர்னாவ் அதைப் பார்க்கவில்லை. படம் வெளியாவதற்கு ஒரு வாரம் முன்னால், 1931 மார்ச் 10-ஆம் தேதி, சாண்டா பார்பரா பக்கம் கார் விபத்து. மறுநாள் இறந்தார்.

தேதிகளைப் பாருங்கள். மார்ச் 11 முர்னாவ் மரணம். மார்ச் 14 பம்பாயில் 'ஆலம் ஆரா', இந்தியாவின் முதல் பேசும் படம். மார்ச் 18 நியூயார்க்கில் 'தபு'. அதே வருடம் அக்டோபர் 31-இல் தமிழின் முதல் பேசும் படமான நம் 'காளிதாஸ்'. அங்கே ஒருவர் பேசாமல் சொல்லும் கலையின் உச்சியில் நின்று கண்ணை மூடினார். இங்கே நாம் வாயைத் திறந்தோம், இன்னும் மூடவில்லை.

ஜூன் 5, சற்று நேரம் கழித்து

சாபம், சாமி குத்தம் என்று யாரோ கீழே ஆரம்பித்துவிட்டார்கள். தீவில் தீண்டக்கூடாத இடத்தில் முர்னாவ் வீடு கட்டினார், அதனால்தான் செத்தார் என்ற கதை அப்போதே உலவியது. வேகமாகப் போன கார் சாலையை விட்டு இறங்கியதற்குப் பாலினேசியத் தெய்வங்களை ஏன் இழுக்கிறீர்கள்? ஒன்று மட்டும் உண்மை, செத்தும் அவருக்கு அமைதி இல்லை. 2015-இல் பெர்லினுக்கு அருகே அவருடைய கல்லறையைத் திறந்து மண்டை ஓட்டைத் திருடிக்கொண்டு போனார்கள்.

ஜூன் 6

தூத்துக்குடி அண்ணாச்சி எழுதியிருப்பதைப் படிக்காதவர்கள் மேலே போய்ப் படித்துவிட்டு வாருங்கள். அவருடைய தாத்தா சங்கு குளித்தவர்.

அண்ணாச்சியின் கேள்வி: "சுறா இருக்கும் இடத்தில் ஒருவன் தனியாக இறங்குவானா? கயிறு பிடிக்க ஆள் வேண்டாமா?" நல்ல கேள்வி. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த காலத்தில் சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்றே 'கடல்கட்டி' இருந்தார். அவர் கரையில் நின்று மந்திரம் சொல்லாமல் ஆட்கள் இறங்கமாட்டார்கள். ஆங்கிலேய அதிகாரிகளே வேறு வழியில்லாமல் அவருக்குக் கூலி கொடுத்தார்கள். கயிறு பிடிக்க மைத்துனனைத்தான் நிறுத்துவார்கள் என்று அண்ணாச்சி வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறாராம். கயிற்றை விட்டால் தாலியறுவது தன் அக்காள் தங்கைக்கு என்று அவனுக்குத் தெரியுமே.

படத்தில் நிலைமை வேறு. ஒருவனைச் சுறா கொண்டுபோன பிறகு அந்த இடத்தில் பலகை நட்டுவிடுகிறார்கள், அதில் 'தபு' என்று எழுதியிருக்கும். மத்தாஹி அங்கே இறங்குவதே திருட்டுத்தனமாக. டிக்கெட்டுக்குப் பணம் வேண்டும், வேறு வழி இல்லை. யாரைக் கயிறு பிடிக்கக் கூப்பிடுவான்?

இந்தப் பலகையை நான் இத்தனை நாளாகச் சரியாகப் பார்க்கவில்லை. முதல் பாகத்தில் 'தபு' சாமியின் சொல். இரண்டாம் பாகத்தில் அதே சொல் அரசாங்கப் பலகையில், 'குளிக்காதே, ஆழம்' என்பது போல. அதை மத்தாஹி மீறுகிறான், சுறாவோடு மல்லுக்கட்டி முத்தையும் எடுத்துவிடுகிறான். சாமியின் தபுவையும் மீறினான், சர்க்கார் தபுவையும் மீறினான், இரண்டிலும் அந்த நொடியில் ஜெயித்தான். தோற்றது கடைக் கணக்கில்.

அப்புறம் கயிறு. கடைசிக் காட்சியில் கயிறு வருகிறது, அண்ணாச்சி. அதைப் பிடிப்பது மத்தாஹி. அறுப்பது ஹிட்டு.

ஜூன் 7

தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று ஒரு கிளை ஓடிக்கொண்டிருக்கிறது. 'தீட்டு' என்கிறார் ஒருவர். ஒப்பமாட்டேன். தொங்கா மொழியில் 'தபு', கேப்டன் குக் 1777-இல் கேட்டு எழுதிவைத்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன சொல். அதில் அசுத்தம் மட்டும் இல்லை. தலைவரின் தட்டும் தபு, கோயிலும் தபு. தொடாதே என்பதற்குக் காரணம் அழுக்காகவும் இருக்கலாம், அளவு மீறிய தூய்மையாகவும் இருக்கலாம். நம் தீட்டில் இரண்டாவது பாதி இல்லை.

'விலக்கு' பரவாயில்லை, ஆனால் மதுவிலக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது. 'நேர்ந்துவிட்டது' என்று கேள்வி கேட்ட தம்பி தன்னை அறியாமல் எழுதினாரே, அதுதான் ரேரியின் நிலைக்குக் கிட்ட வருகிறது. நேர்ந்துவிட்ட கிடாயை யாரும் அடிக்கமாட்டார்கள், எந்தக் கொல்லையில் மேய்ந்தாலும் விரட்டமாட்டார்கள், மாலை எல்லாம் உண்டு. அதற்கு முடிவு என்ன என்பதும் ஊருக்கே தெரியும். ரேரிக்கு மாலை போடும் அந்தச் சடங்கில் அவள் முகத்தைப் பாருங்கள். எல்லோரும் ஆடுகிறார்கள், மரியாதை என்கிறார்கள், அவள் மட்டும் கிடாயைப் போல நிற்கிறாள்.

டீச்சர் 'அணங்கு' என்று ஒரே சொல்லை எழுதிவிட்டுப் போய்விட்டார். ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. தெய்வம், தெய்வம் தரும் வருத்தம், ஆளை வருத்தும் அழகுள்ள பெண், எல்லாம் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. 'அணங்குகொல்' என்றுதானே வள்ளுவரும் 'தகையணங்குறுத்தல்' அதிகாரத்தை ஆரம்பிக்கிறார். ஆனால் சுவரொட்டியில் 'அணங்கு' என்று போட்டால் பேய்ப் படம் என்று கூட்டம் வரும். வரட்டுமே.

ஜூன் 8

படத்தில் வரும் சடங்கு அப்போது நிஜமாகவே நடந்ததா என்று கேட்டவருக்கு: இல்லை, போரா போராவில் 1929-இல் கன்னிப் பெண்ணைத் தெய்வத்துக்கு விடும் வழக்கம் நடந்துகொண்டிருக்கவில்லை. அதே தீவுக்கூட்டத்தில் இருக்கும் தஹிதிக்கு லண்டன் மிஷனரிகள் வந்தது 1797-இல். பிரெஞ்சுக்காரர்கள் போரா போராவை எடுத்துக்கொண்டது 1888-இல். கேமரா போனபோது ஊரில் தேவாலயம் இருந்தது. பழைய கதையை முர்னாவ்தான் மறுபடி உடுத்திவிட்டார். தீவில் பிறந்தவர்களோடு சில கலப்பினத்தாரும் சீனர்களும்தான் நடிக்கிறார்கள் என்று படமே முதலில் அறிவித்துவிடுகிறது. அதை உண்மைக்குச் சான்றிதழ் போல எடுத்துக்கொள்ளக் கூடாது.

அதோடு என் வாதத்தில் இருக்கும் ஒரு ஓட்டையையும் நானே சொல்லிவிடுகிறேன். பில்தான் வில்லன் என்றேன். பில்லை நீட்டுவது யார்? சீனக் கடைக்காரர். தீவில் சீனர்கள் இருப்பதற்கே காரணம், 1865 வாக்கில் தஹிதியின் பருத்தித் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டதுதான். தீவை ஆளும் பிரெஞ்சு கவர்னர் திரையில் முகம் காட்டுவதில்லை, கடிதமாக மட்டும் வருகிறார். கூலியின் பேரன் கல்லாப்பெட்டி முன்னால் உட்கார்ந்து நம் வசவை வாங்கிக்கொள்கிறான். முர்னாவ் இதைத் தெரிந்து செய்தாரா? எனக்கு அவ்வளவு பெருந்தன்மை இல்லை. அந்தக் காலத்து ஐரோப்பியருக்கு வட்டிக்கடை என்றால் ஒரு முகம் தேவைப்பட்டது, அதைப் போட்டார்.

ஜூன் 9

டீச்சர் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்கள் குறிப்பு அத்தனையிலும் மத்தாஹிதான் மீறுகிறான், குதிக்கிறான், ஜெயிக்கிறான், தோற்கிறான். ரேரியை மூட்டையாக்கிவிட்டீர்கள். ஹிட்டு வந்துவிட்டார் என்று முதலில் தெரிவது யாருக்கு?"

ரேரிக்கு. மூன்று நாள் கெடு, வராவிட்டால் மத்தாஹிக்குச் சாவு என்பதும் அவளுக்குத்தான் தெரியும். அவனிடம் அவள் சொல்வதில்லை. தப்பிப்போக அவசரப்படுத்துகிறாள், காரணத்தை மறைக்கிறாள். குடிசைக்குள் ஹிட்டுவின் நிழல் விழும் அந்த இரவில் (நாஸ்ஃபெராத்துவின் நிழல் தென்னந்தோப்புக்கு வந்த மாதிரி) விழித்திருப்பது அவள்தான். போவது என்று முடிவெடுப்பதும் அவள்தான். டீச்சர் சொன்னது சரி. கதையை நடத்துவது ரேரி. நான் கடன் சீட்டைப் பார்த்த கண்ணால் அவளைப் பார்க்கவில்லை.

அவளாக நடித்த பெண்ணைப் பற்றியும் கேட்டீர்கள். ஆன் ஷெவாலியே, 1912-இல் பிறந்தவர், பெயரே பிரெஞ்சுப் பெயர். படத்துக்குப் பிறகு அமெரிக்காவில் மேடையில் ஆடவைத்தார்கள். அங்கிருந்து ஐரோப்பா. போலந்தில் 1934-இல் 'கறுப்பு முத்து' என்ற பொருள் தரும் தலைப்பில் ஒரு படம். அதிலும் தஹிதிப் பெண் வேடம்தான். 1937-இல் ஜான் ஃபோர்டின் 'தி ஹரிகேன்' படத்தில் சின்ன வேடம். பிறகு தஹிதிக்கே திரும்பிவிட்டார், 1977-இல் அங்கேயே இறந்தார். தீவை விட்டுப் போனால் கேடு என்று சொல்லும் படத்தில் நடித்தவர், பாதி உலகம் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இதற்குமேல் எழுதினால் தத்துவமாகிவிடும்.

ஜூன் 9, இரவு

தஹிதியில் 1930-இல் மத்தீஸ் இருந்தார், முர்னாவைச் சந்தித்தார் என்று ஒருவர் போட்டிருக்கிறார். ஆம், ஓவியர் மத்தீஸ்தான். அந்தத் தீவு அந்த வருடம் கூட்டமாகத்தான் இருந்திருக்கிறது.

ஜூன் 13

நான்கு நாள் எழுதவில்லை. பேத்திக்குக் காய்ச்சல். குணமாகிவிட்டது, கேட்டவர்களுக்கு நன்றி.

அந்த நான்கு நாளில் படத்தை மறுபடி முழுதாகப் பார்த்தேன், இந்த முறை ரீல் வரிசை குழம்பாமல். முப்பது வருடமாக மனத்தில் வைத்திருந்த கடைசிக் காட்சி பொய் என்று தெரிந்தது.

என் நினைவில் இருந்தது இப்படி: படகில் ரேரி நின்று கதறுகிறாள், ஹிட்டு பல்லைக் கடித்துக்கொண்டு வெறியோடு கயிற்றை வெட்டுகிறார். திரையில் அப்படி எதுவும் இல்லை. மத்தாஹி நிலவொளியில் நீந்துகிறான். அவனுடைய கை வீச்சில் களைப்பே இல்லை, சுறாவைச் சமாளித்துவிட்டு வந்தவன் என்று சொல்லமுடியாது. படகு மெல்லத்தான் போகிறது. ரேரி கீழே, தட்டுக்கு அடியில் இருக்கிறாள். ஹிட்டு மூடியை இழுத்து மூடிவிடுகிறார். தொங்கும் கயிற்றை மத்தாஹி எட்டிப் பிடிக்கிறான், ஒரு கணம் படகோடு சேர்ந்து இழுபடுகிறான். ஹிட்டு கத்தியால் கயிற்றை அறுக்கிறார், ஒரு வேலையை முடிப்பதுபோல. முகத்தில் கோபம் இல்லை. சந்தோஷமும் இல்லை.

மத்தாஹி மேலும் நீந்துகிறான். வீச்சு தளர்கிறது. கடல் மட்டும் இருக்கிறது.

பல்லைக் கடித்த ஹிட்டு எங்கிருந்து என் நினைவுக்கு வந்தார்? அந்த வருடங்களில் நான் பார்த்த வேறு நூறு படங்களிலிருந்துதான். (நூறு எண்ணவில்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.)

கேள்வி கேட்ட தம்பிக்கு: ஆணவக் கொலை என்றீர்கள். அங்கே கொல்பவனுக்கு ஆத்திரமும் அவமானமும் இருக்கும், மீசை இருக்கும். இங்கே அது இல்லை. ஹிட்டுவும் ஒரு சுருளைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்பியவர்தான். ஜப்தி நோட்டீசோடு வரும் அமீனா மாதிரி.

ஜூன் 14

"அமீனாவைப் பாவம் என்கிறீரா?" என்று மூன்று பேர் சண்டைக்கு வந்திருக்கிறீர்கள். பாவம் என்று சொல்லவில்லை. கத்தி அவர் கையில்தான் இருந்தது.

ஜூன் 15

மறுபடி பார்த்ததில் இன்னொன்றும் கண்ணில் பட்டது, இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று வைத்திருந்தேன்.

ரேரி கடிதம் எழுதிவைத்துவிட்டுப் போகிறாள். உன்னோடு சந்தோஷமாக இருந்தேன், நிலவு கடலில் பாதை விரிக்கும்போது உன் கனவில் வருவேன் என்கிற மாதிரி. மத்தாஹி முத்தோடு ஓடிவருகிறான், குடிசை காலி. கடிதத்தை எடுக்கிறான். படிக்கிறான்.

படிக்கிறான்! அவனுக்கு எழுத்துத் தெரியும். இத்தனை நாளாக நான் அவனை எழுதப் படிக்கத் தெரியாதவன் என்றே மனத்தில் வைத்திருந்தேன். அப்படி எழுதவில்லைதான், ஆனால் அந்த எண்ணத்தோடுதான் எழுதினேன். ஷாம்பேன் சீட்டில் அவன் போட்டது கையெழுத்து, பெருவிரல் ரேகை இல்லை. எழுத்து தெரியும், எழுதியவரிடம் நம்பிக்கையும் இருந்தது, பில் என்ற ஜந்துவைத்தான் அவன் பார்த்ததில்லை. அது வேறு அறியாமை. நான் அவனைக் கைநாட்டு ஆக்கியது என் தொழில் புத்தி.

கடன் சங்கத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சட்டை இல்லாமல் துண்டோடு ஒருவர் வந்து நின்றால், புரோநோட்டைத் திருப்பி வைத்து, ரெவின்யூ ஸ்டாம்பை ஒட்டி, மைப் பெட்டியை நகர்த்திவிடுவோம். கையெழுத்துப் போடத் தெரியுமா என்று கேட்டால் நேரம் ஆகும். வெளியே வரிசை நிற்கும். அவர் பெருவிரலை நீட்டுவார், நான் பிடித்து உருட்டுவேன். விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு போவார். எத்தனை வட்டி, எத்தனை தவணை என்று படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. ஜாமீன் போட்டவர் காதில் விழுந்தால் போதும் என்று படித்த நாள்களே அதிகம்.

ஒரு பெரியவர். மாட்டுக் கடன். ரேகை வைத்துவிட்டுப் போனார். இரண்டு வாரம் கழித்து பஸ் நிலையத்து டீக்கடையில் பார்த்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்த நாலு பேருக்குப் பேப்பரை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். தலையங்கம். ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டார்.

"படிக்கத் தெரியுமா ஐயா? அன்றைக்குச் சொல்லவே இல்லையே?" என்றேன்.

"நீங்கள் விரலைக் கேட்டீர்கள், கொடுத்தேன்" என்றார்.

ஜூன் 16

டீச்சர், நன்றி. அண்ணாச்சி, கடனை அவர் ஒழுங்காகக் கட்டினார், கவலை வேண்டாம்.

பிரதி பற்றிக் கேட்டவருக்கு: ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடினால் அது முழுப் படம். சில பழைய பிரதிகளில் பெண்கள் மேலாடை இல்லாமல் வரும் இடங்களை வெட்டியிருப்பார்கள், அதனால் நடனம் திடீரென்று குதிக்கும். உங்கள் கணினியில் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம்.